கணுக்கால் மாற்று அறுவை: பணம் அனுப்புகிறேன் என்ற பிள்ளைகளுக்கு



நம் பழைய மாணவர் குழுவில் என் காலைப் பற்றி ஒரு வாரமாகப் பேச்சு ஓடுகிறது. "சார், முட்டி மாத்தற மாதிரி கணுக்காலையும் மாத்தறாங்க. பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க" என்று ஒருவன் எழுத, அடுத்தடுத்து பதினான்கு பேர் தொகை போட்டுவிட்டீர்கள். படித்தபோது கண் கலங்கியது. ஆனால் நான் மாற்று மூட்டு வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும். வாத்தியார் அல்லவா, வரலாற்றிலிருந்துதான் தொடங்குவேன்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் பள்ளிக்கு இறங்கும்போது, 1989 மழைக்காலத்தில் நான் வழுக்கி விழுந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நாட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டேன். எலும்பு கூடியது, ஆனால் கோணலாக. முட்டி வயதாகித் தேயும். கணுக்கால் பெரும்பாலும் பழைய அடியால்தான் தேயும். முப்பது வருடம் கழித்துக் கணக்குத் தீர்க்க வந்துவிட்டது.

இந்த மூட்டுக்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்தது இணைப்பு அறுவை. தேய்ந்த இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது. மூட்டு அசையாது, வலியும் போகும். ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேயர் 1951இல் எலும்புகளில் கம்பி செலுத்தி, இறுக்கி அழுத்திச் சேர்க்கும் முறையை எழுதினார். இதே சார்ன்லிதான் 1962இல் உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தி உலகப் புகழ் பெற்றவர்.

இடுப்பில் வென்றதைக் கணுக்காலில் பார்க்கலாம் என்று பிரான்சில் லார்ட், மரோட் என்ற இருவர் 1970இல் இறங்கினார்கள். இடுப்பு மூட்டின் தண்டைத் தலைகீழாகக் கால் எலும்புக்குள் செருகினார்கள். 25 பேருக்குச் செய்ததில் திருப்தியாக இருந்தது 7தான், 12 தோற்றுப்போயின. கணுக்கால் சின்ன மூட்டு. நடக்கும்போது உடல் எடையைப் போல ஐந்து மடங்கு வரை அதன்மேல் இறங்கும். முன்பக்கத் தோலோ மெல்லியது, காயம் ஆறத் தாமதமாகும். பிறகு டென்மார்க்கில் கோஃபோட் என்பவர் மேலே உலோகம், கீழே உலோகம், நடுவில் நகரும் பிளாஸ்டிக் என்று அமைத்த பின்தான் நிலைமை மாறியது. அமெரிக்க அரசு அந்த மூட்டுக்கு 2009இல்தான் அனுமதி தந்தது.

இப்போது எது மேல்? பிரிட்டனில் 303 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்துப் பார்த்து, 2022இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்து இரு தரப்புமே நன்றாகத் தேறியிருந்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. மாற்று மூட்டில் காயம் ஆறாத தொல்லை 13.4 சதவீதம், இணைப்பில் 5.7. நரம்புக் காயமும் மாற்றில்தான் அதிகம். இணைப்பிலோ எலும்பு கூடாமல் போய்த் தொல்லை தந்தது 7 சதவீதம் பேருக்கு.

அப்படியென்றால் அசையும் மூட்டே நல்லதுதானே, தரையில் குந்தலாம், மலைச் சரிவில் இறங்கலாம் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். என் ஆசையை அறுத்தது ஒரு நைலான் நூல்.

மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் நூல் முனையால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடச் சர்க்கரை.

இங்கேதான் நம்ம பக்கத்துக் கதை வருகிறது. நம்மைப் போன்ற மலையாளி மக்கள் வாழும் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். பெற்றோர் மிஷனரிகள். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம். இரவில் எலி கடித்தும் தெரியாமல் தூங்கியவர்களைப் பார்த்து, வலி தெரியாததால்தான் காயம் பெருகி உறுப்பு போகிறது என்று அவர் காட்டினார். பாதம் தொங்கியவர்களுக்குக் கணுக்காலின் உட்புறத் தசைநாணை முன்பக்கம் மாற்றிக் கட்டி, பாதத்தைத் தூக்கி நடக்க வைத்தார்கள். 1955இல் காட்பாடிக்கு அருகே கரிகிரி மருத்துவமனை எழுந்தது. அங்கே கொடுத்த மெத்தென்ற ரப்பர் செருப்பை நம் மலையிலும் சிலர் போட்டுப் பார்த்திருக்கிறேன். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்ற பாடம் அங்கே சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கும் போனது. நூல் சோதனையைப் பாதத்துக்கு நிலைநாட்டியதில் கார்விலுக்குப் பெரிய பங்கு உண்டு.

உணர்வு குறைந்த காலில் மாற்று மூட்டு வைத்தால், அது தளர்ந்தாலும் வலி எச்சரிக்காது. எலும்பு நொறுங்கிய பிறகுதான் தெரியும். அதனால் எனக்கு இணைப்புதான் என்றார் மருத்துவர். அதிலும் சர்க்கரை இருப்பவருக்கு எலும்பு கூடுவது மெதுவாம். முதலில் சர்க்கரையை இறக்கிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதமாகச் சாமைச் சோறே அளந்துதான் உண்கிறேன். உங்கள் அம்மா (எனக்குத்தான் மனைவி, உங்களுக்கெல்லாம் அம்மா) தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்கிறாள்.

அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் போலக் கட்டு, ஊன்றுகோல். குந்த முடியாது. வீட்டில் மேலைநாட்டுக் கழிப்பறை கட்டக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. அதற்கு மட்டும் உங்கள் பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன். மீதியைத் திருப்பி அனுப்புவேன், வங்கி விவரம் அனுப்புங்கள்.

தேதி முடிவானதும் எழுதுகிறேன். சர்க்கரை உள்ள பிள்ளைகள் ஒருமுறை போய்ப் பாதத்தைக் காட்டிவிட்டு வந்து, கீழே எனக்கு எழுதுங்கள்.