பொட்ஸ்டாமர் பிளாட்ஸ் ரயில் நிலையம்

பெர்லின் நகரின் நடுவே, அதே பெயர் கொண்ட சதுக்கத்துக்கு அடியில் அமைந்துள்ள பொட்ஸ்டாமர் பிளாட்ஸ் நிலையம், நகரையும் புறநகர்களையும் இணைக்கும் எஸ்-பான் என்ற மின் ரயில் அமைப்பின் வடக்கு-தெற்குச் சுரங்கத்தில் உள்ளது. 1961 ஆகஸ்ட் முதல் 1992 மார்ச் வரை இந்நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டிருந்தது.

நகர மையத்தை எட்டியதும் முடிந்துவிட்ட வட, தென் புறநகர்த் தடங்களை நிலத்தடியில் இணைப்பதற்காக 1934இல் தொடங்கப்பட்ட அச்சுரங்கப் பணி, மறுஆண்டு ஆகஸ்டில் பிராண்டன்பர்க் வாயிலருகே குழி சரிந்து 19 தொழிலாளர்கள் மாண்டபோதும் நிறுத்தப்படவில்லை. 1936 ஒலிம்பிக் போட்டிகள் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு அதன் வடபகுதி திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் பிராடெமன் வடிவமைத்த இந்நிலையம் இரண்டு நடைமேடைகளும் நான்கு தடங்களும் கொண்டதாய் 1939 ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் லாண்ட்வேர் கால்வாய்க்கு அடியில் சுரங்கத்தின் கூரை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதால் தண்ணீர் சுரங்கம் முழுவதும் பரவி, பிரீட்ரிக் தெருவிலுள்ள இணைப்பு வழியாக யூ-பான் என்ற நகர நிலத்தடி ரயிலின் பாதைகளுக்குள்ளும் புகுந்தது. அந்த வெள்ளத்தின் சேதத்தைச் சீர்செய்து 1947இல் சுரங்கம் முழுவதும் போக்குவரத்து மீண்டும் நடைபெற்றது.

1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு, மேற்கு பெர்லினுக்கு இடையிலான எல்லை மூடப்பட்ட பின்னரும், இரு முனைகளும் மேற்கு பெர்லினிலும் நடுப்பகுதி கிழக்கு பெர்லினுக்கு அடியிலுமாக இருந்த இச்சுரங்கத்தை மேற்கு பெர்லின் ரயில்கள் தொடர்ந்து பயன்படுத்தின. பிரீட்ரிக் தெரு நிலையம் மட்டும் மேற்குப் பயணிகள் தடம் மாறுவதற்காகத் திறந்திருக்க, கிழக்குப் பகுதியிலிருந்த மற்றவை நுழைவாயில்கள் அடைக்கப்பட்டுக் காவலர்கள் நிற்கும் மங்கிய நடைமேடைகளாயின. அவற்றை ரயில்கள் நிற்காமல் மெதுவாகக் கடந்தன. மக்கள் இவற்றைப் பேய் நிலையங்கள் என்றனர்.  நகரம் பிளவுண்ட பின்னரும் எஸ்-பான் முழுவதையும் இயக்கிய கிழக்கு ஜெர்மனியின் ரயில் நிர்வாகத்திடமிருந்து, மேற்கு பெர்லின் பகுதியை நகரப் போக்குவரத்துக் கழகம் 1984 ஜனவரியில் ஏற்றது.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்த பின் இந்நிலையங்களை மீட்பது எளிதாக இருக்கும் என்று தோன்றலாம். சிலவற்றுக்கு அது உண்மையும்கூட. ஒரானியன்பர்க் தெரு நிலையம் 1990 ஜூலையிலும், உன்டர் டென் லின்டன், வடக்கு நிலையம் ஆகியவை செப்டம்பரிலும் திறக்கப்பட்டன. பொட்ஸ்டாமர் பிளாட்ஸ் மட்டும் பின்தங்கியது. பல பத்தாண்டுகள் போதிய பராமரிப்பின்றிக் கிடந்த சுரங்கத்தின் அப்பகுதியை மூடிவைத்து விரிவாகப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. எனினும் கீழே இருந்ததை முற்றாக அகற்றாமல், வெண்ணிறக் கண்ணாடி ஓடு பதித்த சுவர்களையும் பழைய ஜெர்மன் எழுத்து வடிவப் பெயர்ப்பலகைகளையும் காத்ததே இம்மீட்பின் தலையாய சிறப்பு எனலாம்.

1992 மார்ச்சில் நிலையம் திறந்தபோது அதற்கு மேலே சதுக்கமே இல்லை. போரில் சிதைந்த கட்டடங்களும் அவற்றுக்குப் பின் வந்த எல்லைக் காவல் பட்டையும் அகற்றப்பட்டிருந்ததால், பயணிகள் படியேறி வெட்டவெளிக்கே வந்தனர். பல இடங்களில் குடியிருப்பு வளர்ந்த பிறகே ரயில் வரும். இங்கே ரயில் முதலில் வந்து நகரத்துக்காகக் காத்திருந்தது. 1993 நவம்பரில் யூ-பான் இரண்டாம் தடம் இச்சதுக்கத்தின் வழியே மீண்டும் ஓடியது. 1998இல் டைம்லர் நிறுவனத்தின் கட்டடத் தொகுதியும், 2000இல் சோனி மையமும் திறக்கப்பட்டன. 2006 மே மாதம் பெர்லின் தலைமை நிலையத்துடன் சேர்த்து இங்கும் வட்டார ரயில்களுக்கான நிலத்தடி நிலையம் தொடங்கப்பட்டது.