பிள்ளை பகா எண்கள்: ஒரு கேள்வியின் வரலாறு

பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் பெட்டியடியில் அமர்ந்து வட்டிக்கணக்கு எழுதிய நகரத்தார், மலாயா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்தி ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதியைத் திருப்பணிக்கும் கல்விக்கும் ஒதுக்குவதை மரபாகக் கொண்டிருந்தனர். அச்சமூகத்தைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய கல்லூரி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, ஆதாயம் எதையும் கருதாத மற்றோர் எண்ணாராய்ச்சிக்கு அங்கே இடம் கிடைத்தது. அவ்வாண்டு அங்கு ஆசிரியராகச் சேர்ந்தவர், குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த சு. சி. பிள்ளை எனப்படும் சிவசங்கரநாராயண பிள்ளை.

தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், ஒன்றினும் பெரிய எண் பகா எண் ஆகும். ஒன்று முதல் ஓர் எண் வரையுள்ள எண்களையெல்லாம் பெருக்கி வருவது அவ்வெண்ணின் தொடர்பெருக்கம். நான்கின் தொடர்பெருக்கமாகிய 24உடன் ஒன்றைக் கூட்டினால் 25 வரும். அதை வகுக்கும் பகா எண்ணாகிய 5, நான்கால் வகுக்கப்படும்போது 1 மீதியாகிறது. ஐந்துக்கு 121 வர, அதன் பகாக் காரணியான 11 ஐந்தால் வகுக்கப்படும்போதும் 1தான் மீதி. இவ்வொழுங்கு எல்லா எண்களுக்கும் பொருந்துமா என்பதே 1930 வாக்கில் பிள்ளை எழுப்பிய கேள்வி.

ஏழு வரை தவறாத அவ்வொழுங்கு எட்டில் முறிகிறது: எட்டுக்குரிய 40321 என்பது 61, 661 ஆகியவற்றின் பெருக்கம், எட்டால் வகுத்தால் இரண்டுமே 5 மீதி தருகின்றன. கேள்விக்கு எதிர்மறையாக விடையளித்த சர்வதமன் சௌலா, 14, 18 ஆகிய இரண்டின் தொடர்பெருக்கங்களோடு ஒன்றைக் கூட்டினாலும் வருபவை 23ஆல் வகுபடுவதைக் காட்டினார். பதினெட்டுக்குரிய எண் 6402373705728001. அதன் பகாக் காரணிகள் 19, 23, 29, 61, 67, 123610951. பதினெட்டால் வகுத்தால், இவற்றுள் மிகச் சிறியதான 19உம், ஒன்பது இலக்கங்கொண்ட மிகப் பெரியதான 123610951உம் 1 மீதியாக்கி ஒழுங்கைக் காக்க, இடைப்பட்ட நான்கும் அதை மீறுகின்றன. இவ்வாறு ஏதேனும் ஓர் எண்ணுக்கேனும் ஒழுங்கை மீறும் பகா எண்களே இன்று பிள்ளை பகா எண்கள் எனப்படுகின்றன. அவற்றுள் முதலாவது 23.

வாரிங் கணக்கு என்னும் பழைய சிக்கலில், எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத 73 உறுப்புகள் போதும் என்று 1940இல் நிறுவியதே பிள்ளைக்குப் பெரும்புகழ் தந்தது. பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்தின் அழைப்பை ஏற்று அமெரிக்கா புறப்பட்ட அவர், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயர் தாங்கும் பகா எண்கள் முடிவின்றி நீள்கின்றன என்பதைப் பின்னர் எர்டிஷ், எம். வி. சுப்பராவ் முதலியோர் நிறுவினர். ஆதலின் அவர் தேடிய ஒழுங்கு ஓரிரு எண்களில் அன்றி, எண்ணற்ற பகா எண்களிடத்தில் பிழைபடுகிறது என்பது உறுதியாயிற்று.