மலையகச் சிறுவெளியீடுகளும் வரலாற்றுச் சான்றும்

வரலாறு எழுதப் புகுவோர் முதலில் நாடுவது அரசாங்க அறிக்கைகளையும் பெருநூல்களையுமே. மலையகத் தமிழரைப் பொறுத்தவரை இவ்வழக்கம் பெருங்குறையை விளைவிக்கின்றது. கண்டியைச் சூழ்ந்த கோப்பி, தேயிலைத் தோட்டங்கள் பற்றிய பதிவுகளிற் பல துரைமாராலும் அதிகாரிகளாலும் எழுதப்பட்டவை. அவற்றிலே தொழிலாளி ஓர் எண்ணாகவே வருகின்றான். அவனது குரலை ஓரளவேனும் தாங்கி நிற்பவை பாட்டுப் புத்தகங்கள், சங்கத் துண்டுப்பிரசுரங்கள், திருவிழா அறிவித்தல்கள் முதலான சிறுவெளியீடுகளேயாம்.

1920இல் இலங்கையிற் குடியேறிய கோ. நடேசையர், பத்திரிகையையும் பிரசுரத்தையும் தொழிற்சங்கப் பணியின் கருவிகளாக்கினார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடியதோடு, இந்தியர்களின் இலங்கை வாழ்க்கை நிலை பற்றிய பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். எழுத்தறியாதோரும் செவிவழி கற்கத்தக்க சாதனம் அது.

இத்தகைய வெளியீடுகளிற் பலவற்றில் ஆண்டு குறிக்கப்படுவதில்லை. ஆயினும் பாடலின் தலைப்பிலே மெட்டு குறிக்கப்படுவதுண்டு. திரைப்பாடலொன்றின் மெட்டில் அமைந்த பாட்டு, அத்திரைப்படத்துக்கு முற்பட்டதாதல் இயலாது. அச்சகத்தின் பெயரும் விலையும் பின்னட்டை விளம்பரமும் இவ்வாறே துணைபுரியும். ஆதலின் எண்ணிமப்படுத்துவோர் பாடற் பக்கங்களை மட்டும் படம்பிடித்து, அட்டையைக் கைவிடுதல் சான்றையே கைவிடுதலாகும். கிடைத்த இடமும் மெட்டும் அச்சகமும் விவரப்பட்டியலில் இடம்பெறுதல் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரேயிடத்தில் ஒரே பிரதியாக இருப்பதன் ஆபத்தை அந்நிகழ்வு உணர்த்திற்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி, ஈழத்துச் சிற்றிதழ்களையும் பிரசுரங்களையும் எவரும் எங்கிருந்தும் படிக்க வழிசெய்துள்ளது. கம்பளைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம், லயன் அறையின் பொருள்களோடு ஆவணங்களையும் பேணுகின்றது. எனினும் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் தாள்கள் மழையீரத்துக்கும் கறையானுக்கும் இரையாகி வருகின்றன.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ முன்னோரோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தாளில்லாதார் நாடற்றவராயினர். தாளின்மையால் உரிமையிழந்த மக்கள், தாளின்மையால் வரலாற்றையும் இழத்தல் தகுமா? தோட்டத்தினின்று பல்கலைக்கழகம் வந்த மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையிலே தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பாராயின், அப்பணி தொடங்கிவிட்டதெனலாம்.