எரிந்த மோட்டாரின் மறுபிறவி

1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. அதனை இயக்கியது 1500 வோல்ட் நேர்மின்சாரம். 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மீட்டர் பாதை வண்டிகளும் அதே மின்சாரத்தையே உண்டன. வரலாறு எழுதுவோர் வண்டி ஓடிய நாளைக் குறிப்பர். மோட்டார் எரிந்த நாளை யார் குறிக்கிறார்கள்? எரிந்ததை மீண்டும் சுற்றித் தந்த கைகளைப் பற்றியோ பேச்சே இல்லை. ரயில்வேயில் பேனா பிடிக்கும் நாம் அக்குறையைச் சிறிது தீர்க்கவே எழுதப் புகுந்தோம்.

இம்மோட்டாரின் உயிர்நிலை கம்யுடேட்டர். நோய் பிறக்கும் இடமும் அதுவே. 1888இல் அமெரிக்காவின் ரிச்மண்டு நகரில் பிராங்க் ஸ்பிரேக் மின்சார டிராம் ஓட்டியபோது உலோகப் பிரஷ்கள் விரைவில் தேய்ந்து பெருந்தொல்லை தந்தன. வான் டெப்போல் கண்ட கார்பன் பிரஷ் அத்தொல்லையைத் தணித்தது. ஆயினும் கார்பன் தூளும் மழைக்கால ஈரமும் ஒன்றுகூடினால் காப்பு கெடும். மோட்டாரோ வண்டிக்கு அடியில் அச்சை ஒட்டித் தொங்குவது. பம்பாய் மழையில் தண்டவாளம் மூழ்கும்போது அதன் கதி என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எரிந்த ஆர்மேச்சர் பணிமனைக்கு வந்தால் முதல் வேலை பிரிப்பதன்று, எண்ணுவது. பள்ளங்கள் எத்தனை, சுருளுக்குச் சுற்று எத்தனை, எந்த முனை கம்யுடேட்டரின் எந்தத் துண்டில் சேர்கிறது என்று குறித்துக்கொண்ட பிறகே பழஞ்சுருளை வெட்டுவர். ஒரு முனை இடம் மாறினாலும் அத்தனை உழைப்பும் வீண். பின்னர்ப் புதுச்சுருள்களை இறக்கி, முனைகளைப் பற்றவைத்து, சுழலும் வேகத்தில் அவை பிய்த்துக்கொண்டு வெளியேறாதபடி எஃகுக் கம்பியால் இறுகக் கட்டி, வார்னிஷில் முக்கி, அடுப்பில் உலர்த்துவர். செம்பு தேய்வதுபோல் மைக்கா தேய்வதில்லை; ஆகவே கம்யுடேட்டர்த் துண்டுகளுக்கு இடையிலுள்ள மைக்காவைச் சற்றுத் தாழ அறுத்துவிடுவர். இல்லையேல் பிரஷ் துள்ளித் தீப்பொறி பறக்கும்.

அடுத்தது சோதனை. சிறு மின்னோட்டம் செலுத்தி, அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளப்பார்கள். எங்கும் ஒரே அளவு காட்டவேண்டும். ஓரிடத்தில் குறைந்தால் சுற்றுகள் உள்ளே ஒட்டியிருக்கும். மிகுந்தால் பற்றவைப்புச் சரியில்லை. மெக்கர் கொண்டு காப்பையும் அறிவர். இறுதியில் இரண்டு மோட்டார்களை இணைத்து, ஒன்றை ஓட்ட, மற்றொன்று மின்சாரம் பிறப்பித்து முதலாவதற்கே திருப்பியளிக்கும். இரு சம்பந்தி வீட்டார் மாறி மாறி மொய் எழுதிக்கொள்வது போலத்தான். இடையில் கரையும் சிறு இழப்பை மட்டும் வெளியிலிருந்து ஈடு செய்தால் போதும்.

சென்னைப் பாதை 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறிற்று. மும்பையில் 1500 வோல்ட் வண்டியின் கடைசி ஓட்டம் 2016 ஏப்ரலில் ஹார்பர் பாதையில் முடிந்தது. புது வண்டிகளின் மூன்று கட்ட மோட்டார்களுக்குக் கம்யுடேட்டரும் இல்லை, பிரஷும் இல்லை. வார்னிஷ் மணத்தோடு வீடு திரும்பிய பெரியவர்கள் நம் குடியிருப்பில் எவரேனும் இருப்பின், இளைஞர்கள் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அடுத்த ஆண்டு மலருக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம்.