தன் மனசைப் பார்த்த நீதிபதி

பசியாவரத்திலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

2021-இல், சேர்ந்து வாழ விரும்பிய இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன் மனசில் ஊறிய முன்முடிவுகளை மறைக்கவில்லை. உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகுதான் ஜூன் 7 அன்று, தன்பால் ஈர்ப்பை 'குணப்படுத்தும்' மருத்துவ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அதே ஆணையம் 2024-இல் பெண்களின் தன்பால் உறவைப் பாடத்திட்டத்தில் பாலியல் குற்றமாகச் சேர்த்தது; எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. சட்டம் மாறினாலும் மனசு மாற நாளாகிறது.

டாக்டர் முகம் சுளித்தால் நோயாளி வாயை மூடிக்கொள்வார். நோய் உள்ளேயே வளரும். தொடும் முன் கையைக் கழுவுவது போல, அந்தரங்கம் கேட்கும் முன் உங்கள் மனசையும் ஒருமுறை பாருங்கள், பிள்ளைகளே.