வாயில் காத்த மலர்கள்

ஒருவன் வென்றான் என்பதைத் தமிழ் 'வாகை சூடினான்' என்று சொல்லும். வெற்றியையே ஒரு பூவின் பெயரால் வழங்கும் மொழியினர்க்கு, விளையாட்டுக் களத்தில் மலருக்கு என்ன இடம் என்று விளக்கத் தேவையில்லை. ஆயினும் மலரின் பணி எக்காலத்தும் ஒன்றாகவே இருந்ததில்லை. வென்றவன் தலைமேல் இருந்த மலர், காலப்போக்கில், வருவோரை எதிர்கொள்ள வாயிலுக்கு இறங்கி வந்தது. அவ்வாறு இறங்கியதால் அது தாழ்ந்ததா, உயர்ந்ததா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பண்டைக் கிரேக்க நாட்டில் ஒலிம்பியா விழா கி.மு. 776 முதல் நடைபெற்றது என்பது மரபுவழிக் கணக்கு. அங்கே முதலிடம் பெற்றவனுக்கு மட்டும் காட்டு ஒலிவக் கிளையால் வளைந்த முடி சூட்டப்பட்டது. டெல்ஃபியில் லாரல் இலையும், நெமியாவில் காட்டுச் செலரியும் முடியாயின. இவை நடுவர் அளித்த சிறப்பு. மக்கள் அளித்த சிறப்பும் ஒன்று உண்டு. வென்றவன் வலம் வருகையில் கூடியிருந்தோர் இலைகளையும் மலர்களையும் அவன்மீது வீசி மகிழ்ந்தனர். 'இலை எறிதல்' எனப் பொருள்படும் 'ஃபில்லோபோலியா' என்ற பெயர் அவ்வழக்கத்திற்கு இருந்தது. முடி விதியின்படி வந்தது. மலரோ மனம் நிறைந்து வந்தது. எனினும் இரண்டுமே வென்றவனையே நாடின. தோற்றவனுக்கும், தொலைவிலிருந்து நடந்து வந்தவனுக்கும் அங்கே மலர் இல்லை.

வருவோர் அனைவர்க்கும் மலரை விரித்து வைக்கும் எண்ணம் பெரிய அளவில் நிறைவேறிய இடங்களுள் ஒன்று 2012ஆம் ஆண்டின் இலண்டன் நகரம். கிழக்கு இலண்டனில் லீ ஆற்றின் கரையில், தொழிற்சாலைக் கழிவுகளால் நஞ்சேறிக் கிடந்த நிலத்தைத் தூய்மை செய்து ஒலிம்பிக் பூங்கா அமைக்கப்பட்டது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைஜல் டன்னெட், ஜேம்ஸ் ஹிட்ச்மோ ஆகிய இருவரும், தோட்டக்கலைஞர் சாரா பிரைசும் அதன் மலர்வெளிகளை வடிவமைத்தனர். அணி அணியாய்ப் பாத்தி கட்டிய பூந்தோட்டம் அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. புல்வெளியில் தானே முளைத்தது போன்ற தோற்றம் வேண்டும். ஆனால் ஜூலை 27 அன்று விழா தொடங்கும்போது பூத்துக் குலுங்கவும் வேண்டும். அதற்கென முன்கூட்டியே விதைத்துச் சோதித்து, பூக்கும் காலத்தைக் கணித்தனர். அரங்கைச் சூழ்ந்து பொன்னிறப் பூக்கள் மலர்ந்தன. ஆற்றோரத் தோட்டங்களில் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசியா, தென் அரைக்கோளம் என உலகின் பல பகுதிகளுக்கும் உரிய செடிகள் வரிசையாக நின்றன. வந்தவர் எந்நாட்டினர் ஆயினும், தம் மண்ணின் பூவைத் தேடிக் காண இடமிருந்தது.

இவ்வழகுக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. பூங்கா எழுந்த அதே நிலப்பரப்பில் 'மேனர் கார்டன்' என்னும் குடிமக்கள் தோட்டம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் எளிய குடும்பங்கள் காய்கறியும் பூவும் பயிரிட்டு வந்த, சுமார் 80 சிறு நிலங்கள் கொண்ட தோட்டம் அது. 2007ஆம் ஆண்டில் அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். உலகை வரவேற்க மலர் விதைப்பதற்காக, அங்கே முன்னரே மலர் வளர்த்தவர்கள் வெளியேற நேர்ந்தது. வரவேற்கும் மலரை மட்டும் பார்த்தால் போதாது, அதை யார் கை வளர்த்தது என்றும் கேட்க வேண்டும் என்பதை இலண்டன் உணர்த்திற்று.

அக்கேள்விக்கு ஒரு விடை ஜப்பானில் கிடைத்தது. வைகறையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும் கொடிப்பூ ஒன்றை அந்நாட்டார் 'அசகாவோ' என்பர். 'காலை முகம்' என்பது அதன் பொருள். மருந்துக்குரிய விதையாகச் சீனத்திலிருந்து வந்து, 19ஆம் நூற்றாண்டில் எடோ நகர மக்களின் பெருவிருப்பத்திற்கு உரியதாகி, நூறு நூறு வடிவங்களில் வளர்க்கப்பட்ட மலர் அது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் ஆளுக்கொரு தொட்டியில் அதை வளர்த்துக் கற்பது இன்றும் அங்கே வழக்கம். டோக்கியோ ஒலிம்பிக் விழா அமைப்பாளர்கள் அவ்வழக்கத்தையே கைக்கொண்டனர். அரங்க வாயில்களில் சோதனைக்காகப் பார்வையாளர் நிற்கும் வரிசைகளை ஒழுங்குபடுத்த வேலிக்கு மாற்றாகப் பூந்தொட்டிகள். அவற்றை வளர்ப்போர் பள்ளிக் குழந்தைகள். ஒவ்வொரு தொட்டியிலும் வருவோர்க்கு அவர்கள் கைப்பட எழுதிய வாழ்த்து. தடுக்கும் வேலியை வரவேற்கும் கொடியாக மாற்றிய அத்திட்டம் எளியது. ஆயினும் உயரிய கருத்துடையது.

கொள்ளைநோயால் 2020இல் நடக்க வேண்டிய விழா ஓராண்டு தள்ளிப்போயிற்று. 2021 ஜூலை 8 அன்று, டோக்கியோ அரங்குகளில் பார்வையாளர்க்கு இடமில்லை என்ற முடிவும் வந்தது. யாரை எதிர்கொள்ளக் கொடிகள் படர்ந்தனவோ அவர்கள் வரப்போவதில்லை. ஆயினும் தொட்டிகள் வாயில்களுக்கு வந்தன. வீரரும் பணியாளரும் செய்தியாளரும் மட்டுமே கடந்து சென்ற அவ்வழிகளில், குழந்தைகளின் எழுத்தைத் தாங்கியபடி காலைதோறும் மலர்ந்து, வெயிலேறியதும் கூம்பின.

அரங்கினுள் வென்றோர் கையில் இருந்த செண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2016இல் ரியோ டி ஜெனீரோ விழாவில், விரைவில் வாடி வீணாகும் என்று கருதி மலர்ச்செண்டு அறவே விலக்கப்பட்டிருந்தது. டோக்கியோ அதை மீண்டும் கொணர்ந்தது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் 18,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன மூன்று மாவட்டங்களின் மலர்கள் அச்செண்டில் இருந்தன. இவாத்தேயின் நீல ஜென்ஷியன், ஃபுக்குஷிமாவின் யூஸ்டோமா, மியாகியின் சூரியகாந்தி. சூரியகாந்தியின் கதை நெஞ்சை உருக்குவது. பேரலையில் மக்களை இழந்த பெற்றோர், அப்பிள்ளைகள் அடைக்கலம் தேடிய குன்றில் அச்செடியை நட்டனர் என்பதே அது மியாகியின் மலராகத் தேர்ந்ததன் பின்னணி. நோய்த்தொற்றுக்கு அஞ்சி வென்றோர் தம் பதக்கத்தைத் தாமே எடுத்து அணிந்த அவ்விழாவில், பிறர் கை படைத்த அன்பாக அவர்களிடம் சேர்ந்தது அச்சிறு செண்டுதான்.

ஒலிம்பியாவில் வெற்றி முதலில் வந்தது. மலர் அதைத் தொடர்ந்து பறந்தது. டோக்கியோவில் மலர் முதலில் வந்து நின்றது. வருபவர் வெல்வாரா தோற்பாரா என்று அது கேட்கவில்லை. வருவாரா என்றுகூட அதற்குத் தெரியாது. தலையிலிருந்து வாயிலுக்கு இறங்கிய மலர் தாழ்ந்துவிடவில்லை. முடிசூட்டும் மலர் ஒருவனுக்கே உரியது. வாயில் காக்கும் மலரோ, வாராதவர்க்கும் உரியது.