இறந்தவரின் லேப்டாப்பை ரீசெட் செய்யப் போறீங்களா? பட்டனை அழுத்தும் முன் இதைப் படிங்க!

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார். காரியம் முடிந்து, உறவினர்களும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர் பயன்படுத்திய லேப்டாப் மட்டும் பீரோ மேல் கிடக்கிறது. காலேஜ் சேரப்போகும் பிள்ளைக்கு அது தேவை, ஆனால் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. "சும்மாதானே கெடக்கு, கடையில கொடுத்தா ஒரே நாள்ல ஃபார்மட் பண்ணித் தந்துடுவாங்க" என்று யாராவது ஒருவர் சொல்வார். அவர் சொல்வது சரிதான், ஒரே நாளில் தந்துவிடுவார்கள். ஆனால் உள்ளே இருந்தது எதுவும் அதன்பிறகு திரும்பி வராது.

போட்டோக்கள் மட்டும்தான் போகும் என்று நினைக்க வேண்டாம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் கான்ட்ராக்ட் முறையில் வேலை பார்க்கும் பலரின் வீட்டில் காகிதம் என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை. சம்பள ரசீது, பி.எஃப். விவரம், இன்சூரன்ஸ் பாலிசி எல்லாம் மெயிலில் பி.டி.எஃப். ஆக வந்து, லேப்டாப்பின் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் கிடக்கும்.

அந்த ஃபோல்டரில் என்ன தேட வேண்டும்?

முதலில் தேட வேண்டியது யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க பி.எஃப். எண். கான்ட்ராக்டர் மாறும்போது ஒருவருக்கே இரண்டு மூன்று பி.எஃப். கணக்குகள் உருவாகியிருக்க வாய்ப்பு உண்டு. பழைய சம்பள ரசீது இருந்தால்தான் எந்த நிறுவனத்தில், எந்தக் கணக்கு என்று கண்டுபிடிக்க முடியும்.

பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி. இவற்றோடு பலரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. அதுதான் இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு. பணியில் இருக்கும்போது பி.எஃப். உறுப்பினர் இறந்தால், அவர் குடும்பத்துக்கு இந்தத் திட்டத்தில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தொழிலாளியின் சம்பளத்தில் இதற்காகத் தனியாக எதுவும் பிடிப்பதில்லை. அதனால் இப்படி ஒன்று இருப்பதே வீட்டுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இதற்கான படிவத்தின் பெயர் 5-ஐ.எஃப்.

இறந்தவர் சொந்தத் தொழில் செய்தவர், உதாரணமாக பாரிமுனை பக்கம் கிளியரிங் வேலை அல்லது லாரி புக்கிங் பார்த்தவர் என்றால், லேப்டாப்பில் ஜி.எஸ்.டி. பில்களும் கணக்குகளும் இருக்கும். அவர் காலமான பிறகும் வருமான வரிக் கணக்கை வாரிசுதான் தாக்கல் செய்ய வேண்டும், ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்யவும் வாரிசுதான் விண்ணப்பிக்க வேண்டும். பென்டிரைவ் மாதிரி ஒரு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கிடைத்தால், அதை வைத்து யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி உரிமையாளர் இறந்தாலே அந்தச் சான்றிதழ் ரத்து செய்யப்பட வேண்டும். வழங்கிய நிறுவனத்திடம் சொன்னால் போதும்.

லேப்டாப்பை விட முக்கியம், சிம் கார்டு

"அவரே இல்ல, போனுக்கு எதுக்கு ரீசார்ஜ்?" என்று நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அங்கேதான் பாதி வழி அடைபடுகிறது. மைக்ரோசாஃப்ட், கூகுள், பி.எஃப். போர்ட்டல் என்று எங்கே போனாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்குமே பயன்படுத்தவில்லை என்றால் நிறுவனம் அதை முடக்கலாம். பிறகு அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும்.

எனவே எல்லா வேலையும் முடியும் வரை குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்து வைப்பது நல்லது. அதோடு இறப்புச் சான்றிதழைக் காட்டி, எண்ணைக் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஓடிபி வருகிறது என்பதற்காக இறந்தவரின் நெட் பேங்கிங்கில் நுழைந்து பணத்தை மாற்றாதீர்கள். அவசரத் தேவைதான் என்றாலும், பிறகு மற்ற வாரிசுகள் கேள்வி எழுப்பினால் பதில் சொல்ல முடியாது. நாமினி இருந்தால், ஆவணங்கள் கொடுத்த 15 நாளுக்குள் வங்கி பணத்தைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

பழைய லேப்டாப் ஈஸி, புது லேப்டாப் கஷ்டம்

கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் உண்மை இதுதான்.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப்கள் வடசென்னையில் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருக்கும். இந்தக் காலத்து லேப்டாப்களில் பொதுவாக என்கிரிப்ஷன், அதாவது டிஸ்க்கையே பூட்டும் வசதி, போடப்பட்டிருக்காது. விண்டோஸ் பாஸ்வேர்டு வாசல் கதவு மாதிரிதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யு.எஸ்.பி. கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் சொருகினால், ஃபைல்கள் தெரிந்துவிடும். விண்டோஸ் பாஸ்வேர்டை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

சமீபத்திய விண்டோஸ் 11 லேப்டாப்கள் அப்படி இல்லை. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு ஆன் செய்தாலே, பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். டிஸ்க்கைக் கழற்றி எங்கே சொருகினாலும் 48 இலக்க 'ரெகவரி கீ' கேட்கும். அது இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. "எடுத்துத் தர்றேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால், அந்த கீ இல்லாமல் எப்படி எடுப்பார் என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்த கீ எங்கே இருக்கும்? பெரும்பாலும் இறந்தவரின் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த அக்கவுன்டைத் திறக்க ஓடிபி வேண்டும், ஓடிபிக்கு அந்த சிம் வேண்டும். சில சமயம் வாங்கும்போதே பிரின்ட் எடுத்து பில்லோடு வைத்திருப்பார்கள். எனவே லேப்டாப் பையையும், பில் வைத்திருக்கும் கவரையும் ஒருமுறை முழுசாகக் கொட்டிப் பாருங்கள். டைரியின் கடைசிப் பக்கத்தையும் விடாதீர்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் பாஸ்வேர்டு எழுதும் இடம் அதுதான்.

இவற்றை மட்டும் செய்யாதீங்க

யூடியூப் பார்த்து பயாஸ் செட்டிங்கில் 'செக்யூர் பூட்' போன்றவற்றை மாற்ற வேண்டாம். அதுவரை சாதாரணமாக பின் நம்பர் கேட்ட லேப்டாப், அதன்பிறகு 48 இலக்க கீ கேட்க ஆரம்பித்துவிடும்.

பழைய லேப்டாப்பிலும் ஒரு கண்ணி உண்டு. வெளியிலிருந்து ஒரு டூல் போட்டு விண்டோஸ் பாஸ்வேர்டை நீக்கிவிட்டால் உள்ளே போய்விடலாம்தான். ஆனால் பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் அந்தப் பழைய பாஸ்வேர்டோடு பிணைக்கப்பட்டவை. அதை வலுக்கட்டாயமாக மாற்றினால் அவை படிக்க முடியாமல் போய்விடும். தெரிந்த பாஸ்வேர்டுகளைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பதே முதல் வழி. பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர், வண்டி நம்பர் என்று முயற்சி செய்யலாம்.

ரிச்சி தெருவிலோ, பக்கத்து சர்வீஸ் கடையிலோ கொடுப்பதாக இருந்தால், "டேட்டா வேண்டும், கேட்காமல் ஃபார்மட் பண்ணக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். லேப்டாப் ஆன் ஆகவில்லை, பாஸ்வேர்டு தெரியவில்லை என்று மட்டும் சொன்னால், புதிதாக விண்டோஸ் போடத்தான் வந்திருக்கிறீர்கள் என்று அவர்கள் நினைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

கம்பெனிகிட்ட கேட்டா பாஸ்வேர்டு தருவாங்களா?

தர மாட்டார்கள். 2004-ல் ஈராக் போரில் உயிரிழந்த ஓர் அமெரிக்க ராணுவ வீரரின் மெயில்களை அவருடைய தந்தை கேட்டபோது யாஹூ மறுத்துவிட்டது. 2005-ல் மிச்சிகன் மாகாண நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் மெயில்களின் நகல் கிடைத்தது. 20 ஆண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. கூகுளிடம் இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். அக்கவுன்டை மூடுவார்கள், சில நேரங்களில் உள்ளடக்கத்தைத் தருவார்கள், பாஸ்வேர்டை மட்டும் ஒருபோதும் தருவதில்லை. மைக்ரோசாஃப்ட் பொதுவாக நீதிமன்ற ஆவணம் கேட்கும்.

காலமும் காத்திருக்காது. கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டுமே 2 ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் அக்கவுன்டை மூடும் கொள்கை வைத்திருக்கின்றன.

ஆப்பிள் மேக்புக் என்றால் இன்னும் கவனம் தேவை. புதிய மேக்குகளில் 'ஆக்டிவேஷன் லாக்' இருந்தால், ரீசெட் செய்த பிறகும் பழைய ஆப்பிள் அக்கவுன்டைத்தான் கேட்கும். வாங்கிய பில், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் கொடுத்து அதை நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

லேப்டாப் யாருக்குச் சொந்தம்?

உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் பொருள்களில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு. கிறிஸ்தவர்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களின் தனிச்சட்டம். லேப்டாப்பும் இதில் ஒரு பொருள்தான். ஒரு பழைய லேப்டாப்புக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் கடன் பத்திரத்துக்காகவோ சொத்து ஆவண ஸ்கேனுக்காகவோ அண்ணன் தம்பிக்குள் சண்டை வரலாம். "நான் இதை ரீசெட் பண்ணப் போறேன், யாருக்காவது ஏதாவது வேணுமா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முன்கூட்டியே ஒரு மெசேஜ் போட்டு வைப்பது நல்லது.

இதற்கெல்லாம் தேவைப்படும் இறப்புச் சான்றிதழுக்கு 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகள் சென்னை மாநகராட்சியின் 1-வது மண்டலத்திலும், ராயபுரம் 5-வது மண்டலத்திலும் வருகின்றன. பதிவான பிறகு மாநகராட்சி இணையதளத்திலேயே சான்றிதழை டவுன்லோடு செய்யலாம். வாரிசு சான்றிதழை வழங்குவது தாசில்தார், விண்ணப்பிப்பது இ-சேவை மையத்தில்.

சரி, இப்போ ரீசெட் எப்படி?

வேண்டியதை எல்லாம் காப்பி எடுத்தாச்சா? ஒரே பென்டிரைவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர், திருவொற்றியூர் வீடுகளுக்குள் எண்ணெய்க் கழிவோடு புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

லாகின் திரையில் பவர் பட்டனை க்ளிக் செய்து, ஷிஃப்ட் கீயை அழுத்தியபடியே 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் நீலத் திரை வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', பிறகு 'ரீசெட் திஸ் பிசி'. இங்கே 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைப் பார்த்து, "ஃபைலும் போகாது, பாஸ்வேர்டும் போயிடும்" என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பழைய அக்கவுன்டும் அப்படியே இருக்கும், பாஸ்வேர்டு மறுபடியும் கேட்கும். பாஸ்வேர்டு தெரியாத லேப்டாப்புக்கு 'ரிமூவ் எவ்ரிதிங்' மட்டுமே தீர்வு.

ரெகவரி கீ கேட்டு அங்கேயும் தடுத்தால், 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலர் போட்டு, அதிலிருந்து புதிதாக ஏற்றலாம். லைசென்ஸ் கவலை வேண்டாம். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் அந்த மெஷினோடு இணைந்தது, இன்டர்நெட் கொடுத்ததும் பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்துவிட்டது. பழைய அரசு லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. படிக்க, டைப் செய்ய, வீடியோ பார்க்க மட்டும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டால் நன்றாகவே ஓடும்.

வீட்டுப் பிள்ளைக்கே கொடுப்பதாக இருந்தால் இதோடு வேலை முடிந்தது. வெளியே விற்பதாக இருந்தால், ரீசெட் செய்யும்போது டிரைவை முழுமையாகத் துடைக்கும் 'க்ளீன் டிரைவ்' தேர்வையும் சேர்த்துக் கொடுங்கள். சில மணி நேரம் பிடிக்கும். சார்ஜரைக் கழற்றாமல் ராத்திரி முழுக்க விட்டுவிடுவது உத்தமம்.

அது ஆபீஸ் லேப்டாப் என்றால்?

ரீசெட் செய்யாதீர்கள். மணலியிலோ எண்ணூரிலோ உள்ள நிறுவனம் வேலைக்காகக் கொடுத்த லேப்டாப் குடும்பச் சொத்து கிடையாது. பல நிறுவன லேப்டாப்கள் ரீசெட் செய்த பிறகும் கம்பெனி லாகினையே கேட்கும், யாருக்கும் பயன்படாது. திருப்பிக் கொடுக்கும்போது ஹெச்.ஆர். பிரிவிடம், உள்ளே இருக்கும் குடும்பப் போட்டோக்களையும் சொந்த ஆவணங்களையும் காப்பி எடுத்துத் தரும்படி மெயிலில் எழுதிக் கேளுங்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி விண்ணப்பங்களையும் அதே மெயிலில் சேர்த்துக் கேட்டுவிடலாம்.